இணையவழிக் கற்றல்: கருவி வந்துவிட்டது, கைகொடுக்க ஆள் எங்கே?

சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் தேசிய நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையை ஒட்டி இருக்கிறது புதுவாயல். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி வட்டத்தைச் சேர்ந்த ஊர். பெரியபாளையம் போகிறவர்கள் இங்கே திரும்ப வேண்டும். கவரைப்பேட்டையில் 1995இல் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. புதுவாயலில் 2008இல் ஆர்.எம்.கே. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. பக்கத்துப் பொன்னேரியில் அரசுக் கலைக் கல்லூரி உண்டு. வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, மேற்கே தேர்வாய் கண்டிகை சிப்காட். கல்லூரிப் பேருந்தும் கம்பெனிப் பேருந்தும் ஒரே சாலையில் ஓடும் பகுதி இது.

ஆகவே உயர்கல்வியில் இணையவழிக் கற்றல் பற்றிய கேள்விகள் எல்லாம் இந்தச் சில கிலோமீட்டருக்குள்ளேயே கிடைக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மாணவர் இருக்கிறார். ஐந்து வகுப்புகளுக்குப் பாடம் நடத்திவிட்டு இரவில் அசைன்மென்ட் திருத்தும் உதவிப் பேராசிரியர் இருக்கிறார். டிப்ளமோ முடித்து ஆலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே பட்டம் பெற நினைக்கும் இளைஞரும் இருக்கிறார். இவர்களுக்கு இணையத் தொழில்நுட்பம் பயன்பட வேண்டுமானால் எந்த வகையான துணை தேவை? இதுவரை கிடைத்தது என்ன, விடுபட்டது என்ன? இக்கட்டுரை இவற்றை வரிசையாகப் பார்க்கிறது.

அஞ்சல்வழியிலிருந்து இணையவழிக்கு

வகுப்பறைக்கு வர முடியாதவருக்குப் பாடத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. தபாலில் பாடக் கட்டு வரும். வார இறுதியில் தொடர்பு வகுப்பு நடக்கும். அந்த வகுப்புக்குப் போனவர்களுக்குப் பாடம் புரிந்தது. போகாதவர்கள் தேர்வு நெருங்கும்போது கைடு வாங்கினார்கள். பிரிட்டனில் 1969இல் நிறுவப்பட்டு 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இந்த நேர்த் தொடர்பின் தேவையை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. தொலைவிலிருந்து படிக்கும் மாணவர்களுக்கு அவரவர் வட்டாரத்திலேயே பயிற்றுநரை அமர்த்தியது. அச்சில் வந்த பாடமும் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளும் அந்தப் பயிற்றுநரைச் சுற்றியே அமைந்தன.

இணையத்தின் பக்கம் தமிழ்நாடு சீக்கிரமே திரும்பியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ் இணையம் 99' மாநாட்டின் தொடர்ச்சியாக, 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று நாம் அறிவது அதுதான். 2003இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து, மத்திய அரசின் நிதியில் என்.பி.டி.இ.எல். திட்டத்தை எடுத்துக்கொண்டன. பொறியியல் பாடங்களைக் காணொலியாக்கி யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்க வைத்த இத்திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரும் பங்கு உண்டு. 2017 ஜூலையில் மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வந்தது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து மதிப்பெண் புள்ளிகளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. 2022 மார்ச் 1 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டமும் கல்லூரி மாணவர்களுக்கான திறன் பயிற்சியின் ஒரு பகுதியை இணையவழியில் தருகிறது.

மாணவர் கையில் கருவி சேரவும் அரசு வழி செய்தது. விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 2011 செப்டம்பர் 15 அன்று அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான். 2021 ஜனவரியில் கல்லூரி மாணவர் 9.69 லட்சம் பேருக்கு நாளுக்கு 2 ஜி.பி. டேட்டா அட்டை அறிவிக்கப்பட்டது. கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி தரப்படும் என்றும், முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்னது.

பாடம், தளம், கருவி, டேட்டா ஆகிய நான்குக்கும் அரசு கணக்கெழுதிச் செலவு செய்திருக்கிறது. மாணவர் திணறும்போதும் ஆசிரியர் தடுமாறும்போதும் பக்கத்தில் உட்கார்ந்து உதவும் ஆளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

பன்னிரண்டு வாரப் பாடம் ஒன்று

என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றை நெருங்கிப் பார்த்தால் இந்தக் குறை தெரியும். பாடத்தில் சேரக் கட்டணம் கிடையாது. வாரம்தோறும் காணொலிகள் வரும், ஒரு அசைன்மென்ட் வரும், அதை முடிக்கக் கெடு இருக்கும். 12 வாரப் பாடம் என்றால் சிறந்த 8 அசைன்மென்ட்களின் சராசரி 25 மதிப்பெண்ணுக்குக் கணக்காகும். மீதி 75 மதிப்பெண் தேர்வு மையத்தில், கண்காணிப்பாளர் முன்னால், கணினியில் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு. கட்டணம் இந்தத் தேர்வுக்குத்தான். சான்றிதழ் வேண்டுமானால் அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 எடுத்தாக வேண்டும்.

நல்ல ஏற்பாடுதான். தேர்வு மையத்தில் நடப்பதால் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. சிக்கல் நடுவில் உள்ள வாரங்களில் வருகிறது. அசைன்மென்ட் விடைகள் கெடு முடிவதற்குள் டெலிகிராம் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிடுகின்றன. காணொலியே பார்க்காமல் விடையைத் தட்டிவிட்டால் 25க்கு 20கூட வந்துவிடும். தேர்வு மையத்தில் உட்காரும்போதுதான் எதுவும் தெரியாது என்பது தெரிகிறது. தெரிவுப் பாடத்துக்குப் பதிலாக இதை எடுத்தவராக இருந்தால் நிலைமை இன்னும் சங்கடம்.

இதைத் தடுக்க வழியில்லாமல் இல்லை. இத்திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் 'லோக்கல் சாப்டர்' எனப்படும். ஒரு பேராசிரியர் ஒருங்கிணைப்பாளராக இருப்பார், பாடத்துக்கு ஒரு ஆசிரியரை மென்டாராகவும் போடலாம். அந்த மென்டார் வாரம் ஒரு மணி நேரம் மாணவர்களை உட்காரவைத்து, அசைன்மென்டில் தவறிய இரண்டு கணக்குகளைப் பலகையில் போட்டுக் காட்டினால் போதும். பதிவு எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொள்ளும் கல்லூரியில் மென்டார் பெயருக்கு இருப்பார். வேலை செய்ய அவருக்கு நேர அட்டவணையில் இடம் இருக்காது.

2020 காட்டிக்கொடுத்தது

2020 மார்ச் நடுவில் கொரோனா பெருந்தொற்றால் தமிழ்நாட்டில் கல்லூரிகள் மூடப்பட்டன. சில வாரங்களில் வகுப்புகள் ஜூம், கூகுள் மீட் திரைக்குப் போயின. அதற்கு முந்தைய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் (என்.எஸ்.எஸ்.) 75ஆவது சுற்று, 2017-18 கணக்குப்படி, நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடம் மட்டுமே கணினி இருந்தது, 14.9 சதவீதத்துக்கு மட்டுமே இணைய வசதி இருந்தது. நகர்ப்புறத்தில் இவை 23.4, 42. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் வேலைக்குப் போகும் அப்பாவிடம் என்பதுதான் பல மாணவர்களின் நிலை.

வகுப்புகளைவிடத் தேர்வுகள் கூடுதலாகச் சோதித்தன. அண்ணா பல்கலைக்கழகம் 2020 நவம்பர்-டிசம்பர் பருவத் தேர்வை 2021 தொடக்கத்தில் கேமரா கண்காணிப்புடன் ஆன்லைனில் நடத்தியது. ஏப்ரலில் முடிவு வந்தபோது ஏராளமானவர்கள் தேர்ச்சி பெறவில்லை. முறைகேடு சந்தேகத்தின் பேரில் பலரது முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும், மே மாதம் பொறுப்பேற்ற புதிய அரசு மறுதேர்வை அறிவித்தது. அடுத்த பருவத்தில் வீட்டிலிருந்தே தாளில் எழுதும் முறை வந்தது. விடைத்தாளின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து, வரிசைப்படுத்தி, பி.டி.எப். ஆக்கி, குறித்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். தாளைத் தபாலிலும் அனுப்ப வேண்டும். "மேடம், பைல் சைஸ் அதிகம்னு வருது" என்ற அழைப்பு அந்த நாட்களில் ஆசிரியர்களின் கைப்பேசியை ஓயவிடவில்லை. பாடம் தெரிந்த மாணவருக்கும் கோப்பைச் சுருக்கத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலை யாருடையது என்று எந்தக் கல்லூரியிலும் எழுதி வைக்கப்படவில்லை. ஆகவே அது பாடம் நடத்தும் ஆசிரியர் தலையில் விழுந்தது.

பெருந்தொற்றின்போது நடப்பது அவசரத்துக்குச் செய்யும் தொலைக் கற்பித்தல், திட்டமிட்ட இணையவழிக் கல்வியோடு அதை ஒன்றாக எண்ணக் கூடாது என்று அமெரிக்கக் கல்வியாளர்கள் 2020 மார்ச்சிலேயே எழுதினார்கள். சரியான எச்சரிக்கை. ஆனால் பெருந்தொற்று முடிந்தபின் நம் கல்லூரிகள் திட்டமிட்ட கல்விக்கு நகர்ந்தனவா? பெரும்பாலும் கூகுள் கிளாஸ்ரூம் தங்கியது, வாட்ஸ்அப் குழு தங்கியது, அவற்றைப் பயன்படுத்தும் முறை மாறவில்லை.

ஆய்வுகள் சொல்வது

இணையவழியில் கற்றால் பயன் உண்டா என்ற கேள்விக்கு உலக ஆய்வுகள் நிதானமாகப் பதில் சொல்கின்றன. அமெரிக்கக் கல்வித் துறைக்காக 2010இல் வெளியான தொகுப்பாய்வு, வகுப்பறையும் இணையமும் கலந்த முறையில் படித்தவர்கள் வகுப்பறையில் மட்டும் படித்தவர்களைவிடச் சற்று முன்னால் இருந்ததாகக் கண்டது. கூடவே ஒரு குறிப்பும் சேர்த்தது: கலப்பு முறையில் மாணவர்கள் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப் பொருளும் பெற்றிருந்தார்கள். அந்தச் சிறு முன்னிலையை இந்தக் கூடுதல் நேரமும் பொருளும் தந்திருக்கலாம், தொழில்நுட்பத்தின் பெயரில் முழுவதையும் எழுதிவிட முடியாது.

காணொலியைப் பற்றி 2014இல் வெளியான எட்எக்ஸ் இணையப் பாடத் தள ஆய்வு, 69 லட்சம் பார்வைகளை அலசி, ஆறு நிமிடத்தைத் தாண்டும் காணொலியில் மாணவர் கவனம் நிற்பதில்லை என்றது. ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே பதிவுசெய்து ஏற்றும் பழக்கத்தை இது கேள்வி கேட்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு இணையப் பாடத்தில் பயிற்சிகளைச் செய்வதற்கும் கற்றலுக்கும் உள்ள தொடர்பு, காணொலி பார்ப்பதற்கோ படிப்பதற்கோ உள்ள தொடர்பைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு வலுவானது என்று காட்டியது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய திறந்த இணையப் பாடங்களைப் பற்றி 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, 2017-18இல் சேர்ந்தவர்களில் 3.13 சதவீதம் பேர் மட்டுமே முடித்ததாகச் சொல்கிறது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம்.

நம்மூருக்கு இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள மூன்று செய்திகள் உண்டு. காணொலியைச் சிறிதாக்க வேண்டும். பயிற்சியைப் பெருக்க வேண்டும். தனியாக விட்டால் பெரும்பாலோர் நடுவில் நின்றுவிடுவார்கள் என்பதை ஒப்புக்கொண்டு அதற்கேற்ப ஆள் போட வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2020 ஜூனில் அறிவித்த தரவு அறிவியல் இணையவழிப் பட்டப்படிப்பு இந்த மூன்றையும் ஓரளவு கடைப்பிடிக்கிறது. வாராந்திரப் பயிற்சி, நேரலை ஐயம் தீர்க்கும் வகுப்பு, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் உதவியாளர்கள், நேரில் எழுதும் தேர்வு எல்லாம் அதில் உண்டு. பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்குக் கட்டணத்தில் 75 சதவீதம் வரை சலுகையும் உண்டு.

ஆசிரியருக்கு யார் துணை?

ஆசிரியருக்குப் பயிற்சி தரும் அமைப்புகள் இல்லாமல் இல்லை. சென்னைத் தரமணியில் 1964 முதல் இயங்கும் தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அடல் அகாடமி வகுப்புகள் இருக்கின்றன. 2023 செப்டம்பரில் தொடங்கிய மாளவியா பயிற்சித் திட்டமும் இருக்கிறது. ஒரு வாரம் பயிற்சி நடக்கும், கடைசி நாள் வினாடி வினா நடக்கும், சான்றிதழ் வரும். பதவி உயர்வுக்கு அது உதவும். ஆனால் ஆசிரியர் திங்கட்கிழமை கல்லூரிக்குத் திரும்பி, மூடுல் என்ற கற்றல் தளத்தில் வினா வங்கி ஒன்றை ஏற்ற முயன்று, பாதிக் கேள்விகளில் கணிதக் குறியீடுகள் சிதைந்து நிற்கும்போது கேட்க ஆளில்லை. லேப் அசிஸ்டென்ட் கணினியைச் சரிசெய்வார். பாடத்தை எப்படி வடிவமைப்பது என்று அவரிடம் கேட்க முடியாது.

வெளிநாடுகளில் இதற்கெனவே பிரிவு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1962இலேயே கற்பித்தலை மேம்படுத்த ஒரு மையம் அமைத்தது. இப்போது பல பல்கலைக்கழகங்களில் பாட வடிவமைப்பாளர் என்ற பணியிடம் உண்டு. ஆசிரியர் பாடத்தைச் சொல்வார். எதைக் காணொலி ஆக்கலாம், எதைப் பயிற்சி ஆக்கலாம், எந்தக் கேள்வியைத் தேடிப் பிடித்து எழுத முடியாதபடி மாற்றலாம் என்பதை வடிவமைப்பாளர் சொல்வார். நம் கல்லூரிகளில் அப்படி ஒரு பணியிடத்தைப் பார்ப்பது அரிது. பொறியியல் கல்லூரிகளின் ஆசிரியர்-மாணவர் விகிதம் 2018இல் 1:15இலிருந்து 1:20 ஆகத் தளர்த்தப்பட்டது. வகுப்புச் சுமை கூடியது. அதற்கு மேல் இணையப் பாடம் தயாரிக்கும் வேலையும் வந்தது. கால அட்டவணையில் மட்டும் அதற்கு ஒரு மணி நேரமும் சேரவில்லை.

இதன் விளைவை, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருவதற்கு முந்தைய மாதங்களில் பார்க்கலாம். தளத்தில் திடீரென்று கோப்புகள் குவியும். பழைய பவர்பாயின்ட், ஸ்கேன் செய்த குறிப்புகள், கேள்வித்தாள்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆவணத்தில் ஒட்டுவார்கள். மாணவர் அவற்றைத் திறந்து பார்த்தாரா என்று யாரும் கேட்பதில்லை. ஆசிரியரைச் சோம்பேறி என்று சொல்ல இது காரணமாகாது. ஏற்றுவதற்கு மதிப்பெண் கிடைக்கிறது, பயன்படுத்துவதற்குக் கிடைப்பதில்லை. யாராக இருந்தாலும் மதிப்பெண் கிடைப்பதைத்தான் செய்வார்கள்.

மாணவருக்கு யார் துணை?

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது. 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47, நாட்டின் சராசரி 28.4. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத இடம் போன்ற திட்டங்கள் பலரை வாசலுக்குள் கொண்டுவந்திருக்கின்றன. இப்படி உள்ளே வந்தவர்களில் பலர் தமிழ் வழியில் படித்தவர்கள். ஸ்வயம் காணொலி ஆங்கிலத்தில், அதுவும் வேகமான ஆங்கிலத்தில் ஓடுகிறது.

தமிழில் பொருள் இல்லை என்று சொல்ல முடியாது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு உண்டு. அண்ணா பல்கலைக்கழகம் 2010 முதல் கட்டுமானவியலையும் இயந்திரவியலையும் தமிழ் வழியிலும் நடத்திவந்திருக்கிறது. இவை இருப்பது மாணவருக்குத் தெரிவதில்லை. முதல் வாரத்தில் அடையாள அட்டையும் கல்லூரி மின்னஞ்சலும் கொடுத்து அனுப்புகிறோம். அந்த மின்னஞ்சலைத் திறப்பது, கடவுச்சொல்லை மீட்பது, ஒரு கோப்பை ஒப்படைத்துவிட்டு அது போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்ப்பது, தமிழ் வசன வரியை இயக்குவது ஆகியவற்றைச் செய்துபார்க்க அரை நாள் ஒதுக்கினால் ஆண்டு முழுவதும் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி குறையும். பார்வைக் குறைபாடு உள்ள மாணவருக்கு ஸ்கேன் செய்த கையெழுத்துப் பக்கம் எதற்கும் உதவாது, திரைவாசிப்பு மென்பொருளால் அதைப் படிக்க முடியாது. கல்வி நிறுவனங்கள் இதைக் கவனிக்கும்படி 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்கிறது.

ஷிப்ட் பார்த்துப் படிப்பவர்

கும்மிடிப்பூண்டிக்கே உரிய பிரச்சினை ஒன்றும் இருக்கிறது. வேலையில் இருக்கும் டிப்ளமோக்காரர்கள் பட்டப்படிப்பைத் தொடரத் தனி நேரத்தில் வகுப்பு நடத்தலாம் என்று தொழில்நுட்பக் கல்விக் குழு 2023-24 முதல் கல்லூரிகளுக்கு வாய்ப்புத் தந்திருக்கிறது. சிப்காட்டை ஒட்டிய கல்லூரிகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாய்ப்பு வராது. ஆனால் மாலை 6 மணி வகுப்பு என்று அட்டவணை போட்டால் சுழற்சி ஷிப்ட் அதைக் கலைத்துவிடும். முதல் ஷிப்ட் வாரத்தில் வரலாம். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அந்த நேரம் ஆலைக்குள் இருப்பார். மூன்றாம் ஷிப்ட் வாரத்தில் தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்பும் நேரம் அது.

இவருக்குக் கெடு ஏழு நாளாக இருந்தால் இடிக்கும். ஷிப்ட் சுழற்சி ஒரு முறை முடியும் காலம், அதாவது மூன்று வாரம், கெடுவாக இருந்தால் எந்த வாரத்தில் வேலை எப்படி இருந்தாலும் ஒப்படைத்துவிடுவார். காணொலியை முன்பே இறக்கிக்கொள்ள வழி இருந்தால் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலிலோ கம்பெனிப் பேருந்திலோ சிக்னலை நம்பாமல் பார்ப்பார். பத்து நிமிட ஒலிப்பதிவு அவருக்கு ஒரு மணி நேர நேரலையைவிட உதவும். ஆய்வகத்துக்கும் இதுபோல வழி உண்டு. மத்திய அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டத்தில் கோவை அமிர்தா உள்ளிட்ட நிறுவனங்கள் உருவாக்கிய பயிற்சிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சோதனைக்கு முன் படிகளைப் பழகிக்கொள்ள அவை போதும். லேத்தையும் வெல்டிங்கையும் திரையில் கற்க முடியாது, ஆனால் அவர் ஷிப்ட் முழுக்க நிற்பதே அந்த இயந்திரங்களின் முன்னால்தான். அந்த அனுபவத்தைப் பாடத்தோடு இணைக்கும் செயல்திட்டத்தை ஆசிரியர் கொடுத்தால் போதும்.

செய்ய வேண்டியது

மேலே பார்த்த எல்லாவற்றிலும் குறை ஒரே இடத்தில்தான் இருக்கிறது: பக்கத்திலிருந்து உதவ ஆளில்லை. அதைச் சரிசெய்யப் பெரிய முதலீடு வேண்டியதில்லை.

முதலாவது, ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு கற்றல் உதவி மையம். குறைந்தது இரண்டு பேர்: ஒருவர் மென்பொருள் தெரிந்தவர், இன்னொருவர் வகுப்பு நடத்திய அனுபவமுள்ள ஆசிரியர். இரவு 8 மணி வரை திறந்திருக்க வேண்டும். தனியாக நடத்த முடியாத கல்லூரிகள் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து நடத்தலாம். கவரைப்பேட்டை, புதுவாயல், பொன்னேரிக் கல்லூரிகளுக்கிடையே தூரம் அதிகமில்லை.

இரண்டாவது, இணையப் பாடம் தயாரிக்கும், வழிநடத்தும் ஆசிரியரின் நேரம் பணிச்சுமைக் கணக்கில் வர வேண்டும். வாரம் இரண்டு மணி நேரம் கழித்துக்கொடுத்தாலே நிலைமை மாறும்.

மூன்றாவது, தளத்தின் பதிவேட்டைப் பயன்படுத்த வேண்டும். இரண்டாம் வாரம் முடிந்தும் ஒருமுறைகூட உள்நுழையாத மாணவரின் பெயர் அதில் தெரியும். அவரைத் தொலைபேசியில் அழைத்து விசாரிக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்தத் தரவு தண்டிக்கவோ வெளியாருக்குத் தரவோ பயன்படக் கூடாது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை நினைவில் வைக்கச் சொல்கிறது.

நான்காவது, இன்டர்னல் மதிப்பெண்ணில் ஒரு பகுதி ஐந்து நிமிட நேர்முகக் கேள்விக்குப் போக வேண்டும். டெலிகிராம் விடையும் சாட்ஜிபிடி விடையும் அங்கே உதவாது.

அரசுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேலை உண்டு. கருவிக்கு நிதி ஒதுக்கும்போது அதில் ஒரு சிறு பங்கை உதவி மையப் பணியாளர் சம்பளத்துக்கென்று தனியே எழுத வேண்டும். மென்பொருள் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும் கல்லூரி நிர்வாகமும் உரிமக் கட்டணத்துக்கு அடுத்த வரியில் ஆளுக்கான செலவைக் காட்ட வேண்டும். அந்த வரி இல்லாத ஒப்பந்தம் அரைகுறையானது.

மாணவரும் பெற்றோரும் பொறியியல் கலந்தாய்வின்போது ஒரு கல்லூரியைப் பற்றி விசாரிக்கும் கேள்விகள் பெரும்பாலும் வேலைவாய்ப்பையும் கட்டணத்தையும் சுற்றியே இருக்கின்றன. இனி இன்னொன்றையும் கேளுங்கள்: ஆன்லைன் பாடத்தில் என் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும், அவர் எத்தனை மணி வரை இருப்பார்? பெயரும் நேரமும் சொல்லத் தெரிந்த கல்லூரியை நம்பிச் சேருங்கள்.